மாவு அரைத்த தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வர்ஜீனியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையைச் சேர்ந்த பழைய மாவு ஆலையைப் பார்த்தோம். தண்ணீர் விழுந்து மரச்சக்கரம் சுற்ற, மேலே இரண்டு வட்டக் கற்கள் மக்காச்சோளத்தை அரைத்தன. வழிகாட்டி மளமளவென்று பேசிக்கொண்டே போனதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தக் கற்கள் எப்படி அரைக்கின்றன? அவற்றில் ஏன் அத்தனை வரிகள்?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: நீங்கள் பார்த்த கட்டடம், வாஷிங்டன் 1770-71இல் எழுப்பிய ஆலை நின்ற அதே இடத்தில் 1930களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மாநில அரசு மறுபடி கட்டியது. புகையிலை நிலத்தின் சாரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று கண்டு 1760களில் கோதுமைக்கு மாறியவர் வாஷிங்டன். கோதுமையை மூட்டையாக விற்பதைவிட மாவாக்கிப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினால் ஆதாயம் கூடுதல் என்பது அவர் கணக்கு. அந்தப் பீப்பாய்களைச் செய்தவர்களும் ஆலையில் உழைத்தவர்களில் பலரும் அவரிடம் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

இனிக் கல்லுக்கு வருவோம். பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. அடிக்கல் அசையாமல் கிடக்கும். மேற்கல் மட்டுமே சுற்றும். அன்றைய ஆலைகளில் மேற்கல் சுமார் 4 அடி விட்டமும் ஏறக்குறைய ஒரு டன் எடையும் கொண்டது. அதன் நடுவிலுள்ள ஓட்டை வழியாகத் தானியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுகிறது. தானியத் தொட்டியின் கீழே சாய்வாகத் தொங்கும் மரத் தட்டை, கல்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு தண்டு விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதால், கல் வேகமாகச் சுற்றினால் தானியம் அதிகமாக விழும். மெதுவாகச் சுற்றினால் குறைவாக விழும். நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆள் யாரும் பக்கத்தில் நின்று அள்ளிப் போட வேண்டியதில்லை. நீங்கள் அங்கே கேட்டிருக்கக்கூடிய ‘கடகட’ ஒலி பெரும்பாலும் இந்தத் தண்டின் ஒலிதான்.

மேற்கல்லின் அடிப்பக்கம் மிக இலேசாகக் குழிந்திருக்கும். ஆகவே இரண்டு கற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி நடுவில் சற்றுக் கூடுதலாகவும், விளிம்பை நெருங்க நெருங்கத் தாள் கனத்துக்கும் வந்துவிடுகிறது. தானியம் நடுவில் உடைந்து, வழியில் நொய்யாகி, விளிம்பில் மாவாக வெளியேறுகிறது. வரிகள் இரண்டு கல்லிலும் ஒரே மாதிரி வெட்டப்பட்டவை. ஆனால் மேற்கல்லைக் கவிழ்த்து வைத்ததும் அதன் வரிகள் எதிர்த்திசையில் சாய்ந்து, கல் சுற்றும்போது கீழ்வரிகளைக் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒவ்வொன்றாகக் குறுக்கே கடந்து செல்கின்றன. தானியம் நசுக்கப்படுவதோடு வெட்டவும் படுகிறது என்பதும், அதே வரிகளின் வழியே காற்று புகுந்து மாவு அதிகம் சூடேறாமல் வெளியே தள்ளப்படுகிறது என்பதும்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கற்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் பொறி பறக்கும். மாவில் கல்தூள் கலக்கும். எனவே ஆலைக்காரர் கல் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், விழும் மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தும் நின்றுகொண்டிருப்பார்.

வரிகள் தேய்ந்தால், மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளி போன்ற கருவியால் மறுபடி கொத்த வேண்டும். ஓயாமல் ஓடும் ஆலையில் சில வாரங்களுக்கு ஒருமுறை இந்த வேலை வரும். “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று மாம்பலத்துத் தெருக்களிலும் திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் கூவிக்கொண்டு போனவர்கள் செய்ததும் இதே தொழில்தான். அங்கே அது கணக்குப் போட்டு வரைந்த கோடுகளாக வளர்ந்திருந்தது, அவ்வளவே. உயர்ந்த ரக மாவுக்குப் பிரான்சில் மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள லா ஃபெர்த்தே ஊர்க் கல்லே வேண்டும் என்று கடல் தாண்டி வரவழைத்தார்கள். அது ஒரே பாறையில் வெட்டிய கல்லன்று. துண்டுகளைச் சாந்து வைத்து இணைத்து இரும்புப் பட்டை கட்டியது.

தண்ணீர்ச் சக்கரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில் ஆடி அசைந்துதான் சுற்றும்; கல்லுக்கோ நூறு சுற்றுக்கும் மேல் தேவை. பெரிய பல்சக்கரம் சிறிய பல்சக்கரத்தை ஓட்டும் ஏற்பாட்டால் அந்த வேகம் கிடைத்தது. பற்கள் பெரும்பாலும் கடினமான மரத்தால் ஆனவை. ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் தட்டி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம். படுக்கைவாட்டு அச்சில் சுற்றும் சக்கரத்தைக் கொண்டு நிமிர்ந்த அச்சிலுள்ள கல்லைச் சுற்றும் இந்த உத்தியை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். இங்கிலாந்தில் 1086இல் எடுக்கப்பட்ட நிலக் கணக்கில் சுமார் 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன.

மவுண்ட் வெர்னானின் தனிச் சிறப்பு மேல்தளத்தில் இருக்கிறது. அதை நீங்கள் கவனித்தீர்களா, தெரியவில்லை. ஆலிவர் எவன்ஸ் என்பவர் வாளிகள் கோத்த வாரால் தானியத்தை மேலே ஏற்றவும், திருகுத் தண்டால் பக்கவாட்டில் தள்ளவும், சுற்றிவரும் ஒரு மரச் சீப்பால் சூடான மாவைத் தரையில் பரப்பி ஆறவைத்துச் சல்லடைக்குக் கொண்டுசேர்க்கவும் வழி கண்டார். அமெரிக்கா வழங்கிய மூன்றாவது காப்புரிமை, 1790இல், அவருக்குத்தான் கிடைத்தது. அதில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் வாஷிங்டன். மறு ஆண்டே தம் ஆலையிலும் அந்த ஏற்பாட்டைப் பொருத்திக்கொண்டார். ஒரு முனையில் கொட்டிய தானியம் மனிதக் கை படாமல் மறுமுனையில் மாவாக வந்த இந்த ஏற்பாட்டை, தொடர் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லலாம்.

கேள்வி: ஐரோப்பியக் கதைகளில் மாவு ஆலைக்காரன் பெரும்பாலும் திருடனாகவே வருகிறானே, ஏன்?
– ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: கூலி பணமாக இல்லாமல் தானியமாக இருந்ததே முதல் காரணம். அரைக்கக் கொண்டுவந்ததில் சட்டமோ வழக்கமோ வகுத்த ஒரு பங்கை ஆலைக்காரர் எடுத்துக்கொள்வார். அளக்கும் மரக்கால் அவருடையது. அரைக்கும்போது எவ்வளவு மாவு கல்லிலும் காற்றிலும் போகும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். எடை குறைந்ததாகக் கொண்டுவந்தவர் நினைத்தால் மெய்ப்பிக்க வழியில்லை.

ஆனால் உண்மையான கசப்பு ஆலைக்காரரைவிட ஆலைச் சொந்தக்காரரிடம்தான் தொடங்கியது. இடைக்கால இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆலை பெரும்பாலும் நிலப்பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தம். குடிகள் அந்த ஆலையில்தான் அரைக்க வேண்டும். வீட்டில் திருகை வைத்திருப்பதே குற்றம். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட், ஊராரின் திருகைகளையெல்லாம் பறித்துவந்து, அந்தக் கற்களை மடத்துக் கூடத்தின் தரையில் பாவிவிட்டார். இது 1330களில் நடந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1381இல் உழவர் கிளர்ச்சி வெடித்தபோது, ஊர்மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்களை உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதைப்போல ஆளுக்கொரு துண்டாக எடுத்துச் சென்றார்கள். பாட்டனிடமிருந்து பறித்த திருகையைப் பேரன் மீட்டிருக்கிறான். ஓர் அரைக்கும் கல்லுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள், அன்றாடச் சோற்றின் மீது விதிக்கப்பட்ட வரி அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கல்லணை கட்டத் தெரிந்த நம் முன்னோர்களுக்குத் தண்ணீரால் ஓடும் மாவு ஆலை கட்டத் தெரியவில்லையா? வடக்கே இமயமலைக் கிராமங்களில் இருக்கிறது என்கிறார்களே?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: தெரியவில்லை என்பதைவிடத் தேவைப்படவில்லை என்பதே பொருத்தம். தானியம் எதுவோ அதற்கேற்ற ஆலைதான் ஊரில் அமையும். கோதுமை மணியின் ஒரு பக்கத்தில் ஆழமான பள்ளம் உண்டு. அதன் மேல்தோல் அந்தப் பள்ளத்துக்குள் மடிந்து போயிருப்பதால், குத்திப் புடைத்து அதை முழுதாக நீக்க முடியாது. உடைத்து அரைத்துச் சலித்தால்தான் வெண்மையான மாவு கிடைக்கும். நெல்லின் கதை வேறு. உமியை நீக்கினால் போதும், மணியை அப்படியே வேகவைத்து உண்ணலாம். அதற்கு வேண்டியது உரலும் உலக்கையும். அரைக்கும் கல் அன்று. இட்லிக்கும் தோசைக்கும் ஊறவைத்து ஆட்டிய ஈர மாவு, ஒரே நாளில் புளிக்கும் பொருள். மூட்டை கட்டி ஆற்றங்கரை ஆலைக்குப் போய் அரைத்து வரக்கூடியதன்று. (அதையே இன்று தெருவுக்குத் தெரு பாக்கெட்டில் விற்கிறார்கள் என்றால், அதற்குக் குளிர்பதனப் பெட்டி காரணம்.) உலர்ந்த மாவு தேவைப்பட்டது கேழ்வரகுக்கும் கம்புக்கும், பண்டிகைப் பலகாரத்துக்கும்தான். அதற்கு வீட்டுத் திருகையே போதுமானதாக இருந்தது.

அடுத்து, தண்ணீர். ஐரோப்பாவின் சிற்றாறுகள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுபவை. நம் ஆறுகளிலோ பருவமழைக் காலத்தில் வெள்ளம், கோடையில் மணல். மேலும் ஆலைக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமல்ல; அது விழுவதற்கான உயரமும் வேண்டும். காவிரிக் கழிமுகம் போன்ற சமவெளியில் அந்த உயரம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்திலும், ஏரி மதகு எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும் என்பதை முடிவு செய்தது பயிர்தான். இமயமலையில் செங்குத்தாக இறங்கும் ஓடைகள் இருக்கின்றன. கோதுமையும் மக்காச்சோளமும் உண்கிறார்கள். அங்கே ‘கராட்’ எனப்படும் ஆலைகள் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. பல்சக்கரமே இல்லாத எளிய அமைப்பு அது. படுக்கையாகக் கிடக்கும் சக்கரத்தின் மரத்தட்டுகளில் தண்ணீர் பாய, அதே அச்சின் மேல்முனையிலுள்ள கல் சுற்றும். மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) நகரில் சூஃபி ஞானி பாபா ஷா முசாஃபிரின் அடக்கத்தலத்தை ஒட்டியுள்ள ‘பன்சக்கி’யும் இதே வகைதான். தொலைவிலுள்ள மலையூற்றிலிருந்து நிலத்தடி மண்குழாய்கள் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, அங்கே தங்கியிருந்தவர்களுக்கு மாவு அரைத்தார்கள்.

மூன்றாவது காரணம் ஒன்றும் இருப்பதாக நான் கருதுகிறேன், அது பெருமைப்படத்தக்கதன்று. எண்ணெய் ஆட்ட மாட்டைப் பூட்டிச் செக்கு செய்தார்கள். கமலை இறைக்க மாட்டைப் பூட்டினார்கள். விலங்கின் வலுவைச் சுழற்சிக்குப் பயன்படுத்தத் தெரியாத சமூகமன்று இது. எண்ணெய் சந்தைக்குப் போகும் பொருள். வீட்டு நெல்லும் கேழ்வரகும் பெண்களின் தோளையும் முதுகையும் நம்பியிருந்தவை. அவர்கள் உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படாத வரையில், அதை மிச்சப்படுத்த ஓர் இயந்திரம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கடைசியில் தண்ணீர் இங்கும் மாவு அரைத்தது. ஆனால் கம்பி வழியாக. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937இல் மேட்டூர் மின் நிலையமும் ஓடத் தொடங்கிய பிறகுதான் மின் மோட்டார் வைத்த மில்கள் ஊர்களுக்குள் நுழைந்தன.

கேள்வி: எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்துத் திருகை ஒன்று இருக்கிறது. திருகை நம் நாட்டில் எவ்வளவு பழையது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்துச் சீறூர் ஒன்றின் முற்றத்தில் பெண்யானைக் கூட்டம்போல் தானியக் குதிர்கள் நிற்பதும், பந்தலின்கீழ் யானையின் கால் போன்ற ‘திரிமரம்’ இருப்பதும் சொல்லப்படுகின்றன. வரகு உடைக்கப் பயன்பட்ட மரத் திருகை அது. உங்கள் ஊருக்கு மேற்கே, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. உங்கள் வீட்டுக் கல்லை விற்றுவிடாதீர்கள். முளைக்குச்சி தளர்ந்திருந்தால் தச்சரிடம் வேறு போட்டு வாங்குங்கள்.

கேள்வி: மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஆயில் இன்ஜினில் ஓடிய ரைஸ் மில் ஒன்று இருந்தது. இப்போது சுவரும் புகைக்குழாயும்தான் மிச்சம். இத்தகைய மில்கள் எப்போது வந்தன, ஏன் மறைந்தன?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த மில்லின் உயிர்நாடி ‘ஹல்லர்’ என்ற இயந்திரம். 1880களில் பிரேசிலில் காப்பிக்கொட்டையின் தோலை நீக்க எங்கெல்பெர்க் என்பவர் கண்டுபிடித்தது, அமெரிக்காவில் தயாராகி, நெல்லுக்கும் ஏற்றதென்று ஆசியா முழுவதும் பரவியது. வரிகள் கொண்ட இரும்பு உருளை ஒன்று, ஓட்டைத் தகட்டால் ஆன கூட்டுக்குள் சுற்றும். இடையில் ஓர் இரும்புப் பட்டை. நெல் ஒன்றோடொன்று உராய்ந்து உமி உரியும், தவிடும் கழியும், நிறைய அரிசி நொய்யாக உடையும். உமியும் தவிடும் பிரியாமல் ஒரே குவியலாக விழும். மாட்டுக்கு அது போதும்; மில்காரருக்கு அதுவே கூலியில் ஒரு பகுதி. இன்ஜின் தனி அறையில் இருக்கும். அதிலிருந்து நீளமான பெல்ட் சுவரின் துளை வழியாக வந்து மேல் தண்டைச் சுற்ற, அந்தத் தண்டிலிருந்து ஹல்லருக்கு ஒன்று, மாவு மிஷினுக்கு ஒன்று, சில ஊர்களில் செக்குக்கும் ஒன்று என்று பெல்ட்டுகள் இறங்கும். புகைக்குழாயின் ‘டுக் டுக்’ ஒலி வயல்வெளி முழுவதும் கேட்கும். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகாமல் உள்ளே வந்த பெண்களை மில்காரர் அதட்டியது மரியாதைக் குறைவால் அன்று. ஓடும் பெல்ட் துணியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

இந்த இயந்திரங்கள் வெறும் வசதியாக வரவில்லை. பெரிய விவாதத்தையும் கொண்டுவந்தன. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே, பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது. தமிழ் மாவட்டங்களில் புழுங்கலரிசி உண்டவர்களிடம் அது மிக அரிது. குன்னூரில் ஆய்வு செய்த ராபர்ட் மக்காரிசன் போன்றவர்கள் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் களத்தில் காயவைத்தது வைட்டமின் கணக்குப் பார்த்தன்று. ஆனால் பலன் கிடைத்தது.

காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மில் அரிசி சத்தையும் பறிக்கிறது, நெல் குத்திப் பிழைக்கும் பெண்களின் கூலியையும் பறிக்கிறது என்பது அவருடைய வாதம். முதல் பாதி அறிவியலுக்கு ஒத்தது. இரண்டாம் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கத் தயங்குகிறேன்: கூலிக்குக் குத்தியவர்கள் வேலையிழந்தார்கள் என்பது மெய்தான், கூலியே இல்லாமல் தம் வீட்டுக்குக் குத்தியவர்கள் விடுதலை பெற்றார்கள் என்பதும் மெய்தான். எப்படியாயினும், கைக்குத்தலைக் காக்கும் நோக்கமும் சேர்ந்து 1958இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. புதிய மில்லுக்கு அனுமதியும் உரிமமும் தேவையாயின. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் உருளை வைத்த நவீன ஆலைகள் நொய் குறைவாகவும் உமி தனியாகவும் பிரித்துத் தரத் தொடங்கிவிட்டன. உழவர்களும் நெல்லாக விற்றுவிட்டு அரிசியைக் கடையில் வாங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். உங்கள் ஊர் மில்லுக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போனதற்கு இந்த இரண்டாவது காரணமே பெரியது.

கேள்வி: மாவு மில்லில் அரைக்கும் கோதுமை மாவு சுடச்சுட வருகிறது. சத்து போய்விடும் என்று மருமகள் பாக்கெட் மாவு வாங்குகிறாள். எது நல்லது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சிறிய கல்லை மோட்டார் மிக வேகமாகச் சுற்றுவதால் உராய்வில் சூடு பிறக்கிறது. சூட்டால் சில வைட்டமின்கள் ஓரளவு குறையலாம். ஆனால் தவிடும் முளையும் மாவிலேயே இருக்கின்றன. உண்மையான இழப்பு மைதாவில்தான். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஹங்கேரியின் புடாபெஸ்டிலும், பிறகு அமெரிக்காவின் மினியாபொலிசிலும் கல்லுக்குப் பதிலாக உருளைகள் வந்து, முளையையும் தவிட்டையும் தனியே பிரித்தெடுத்து, நெடுநாள் கெடாத வெள்ளை மாவைத் தந்தன. ஐரோப்பிய, அமெரிக்கக் கிராமங்களின் கல் ஆலைகள் ஓய்ந்தது அப்போதுதான். (அந்த மாவுத் தூசி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, 1878இல் மினியாபொலிசில் ஓர் ஆலை வெடித்து 18 பேர் மாண்டதே சாட்சி.) முழுக் கோதுமையைக் கல்லில் அரைத்த மாவு பாக்கெட்டிலும் கிடைக்கிறது, உறையில் மைதா கலக்கவில்லை என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

மில்லில் அரைப்பதானால் முளையின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் முன் தீரும் அளவுக்கு மட்டும் அரையுங்கள். வந்ததும் டப்பாவில் அடைத்து மூடாமல், வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிடுங்கள். மூடினால் நீராவி படிந்து மாவு கட்டிதட்டும், பூஞ்சையும் வரும். எவன்ஸின் மரச் சீப்பு செய்த வேலை அதுதான். வீட்டில் கோதுமை ஒவ்வாதவர் எவரேனும் இருந்து அவருக்காகக் கேழ்வரகு அரைப்பதானால், கோதுமை அரைத்த கல்லில் போட வேண்டாம். கல்லிலும் வாய்ப்பையிலும் முந்தியவருடைய மாவு எப்போதும் தங்கியிருக்கும். ஒரு பிடி ஓட்டிக் கழித்தாலும் அது முழுதாகப் போகாது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் தனி மிஷின் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். அதில் கோதுமை ஓட்டுவதில்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.